மண்டபமும் சுற்றுச்சுவரும்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மண்டபமும் 120 மீட்டர் சுற்றுச்சுவரும் கட்டி முடிந்து, இறுதி பில்லும் தீர்ந்துவிட்டது. தொகை வாரியான வரவு செலவு, தணிக்கைக் கையெழுத்துடன் தனித் தாளில் இருக்கிறது. மதிப்பீடு எப்படிப் போடப்பட்டது, ஒப்பந்தப்புள்ளிகளில் ஆகக் குறைந்ததை ஏன் ஒதுக்கினோம், ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் எதற்காகக் கொடுக்க நேர்ந்தது என்ற மூன்று கேள்விகளுக்கு இந்த அறிக்கையில் பதில் சொல்கிறோம். படிக்க எளிதாக, எங்கள் மதிப்பீட்டை 100 என்று வைத்துக்கொள்கிறோம். ஏற்றுக்கொண்ட ஒப்பந்தப்புள்ளி 97.2. இறுதிக் கணக்கு 101.6. எதிர்பாராச் செலவுக்கென்று 100-க்கு மேல் தனியாக 5 ஒதுக்கியிருந்தோம், அதில் 3.4 மிச்சம்.

97.2-க்கும் 101.6-க்கும் இடையிலுள்ள 4.4-க்கு விலைவாசியைக் காரணம் சொல்ல முடியாது. விகிதங்கள் வேலை முடியும்வரை மாறாதவை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தோம். வித்தியாசம் முழுவதும் அளவுப் பட்டியலில் தவறாக எழுதியதாலும் எழுதாமல் விட்டதாலும், வேலையின் இடையில் மாற்றியதாலும் சேர்த்ததாலும் வந்தது.

முதலில் போட்டது தளப் பரப்பை வைத்து, சதுர மீட்டருக்கு இவ்வளவு என்ற உத்தேசக் கணக்கு. வேலையைத் தொடங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அது போதும். டெண்டர் விட உதவாது. 3 மீட்டர் உயரமுள்ள, உள்ளே பல சுவர்கள் உள்ள வீட்டுக்கும், 5 மீட்டர் உயரத்தில் நடுவே தூணே இல்லாத மண்டபத்துக்கும் ஒரே பரப்பு விகிதம் பொருந்தாது. ஆகவே வரைபடத்திலிருந்து ஒவ்வொரு இனத்தையும் நீளம், அகலம், உயரம் என்று எடுத்து, விரிவான அளவுப் பட்டியல் தயாரித்தோம்.

மேல்தளம் 20.4 மீட்டருக்கு 10.4 மீட்டர், கனம் 130 மில்லிமீட்டர். அதன் கான்கிரீட் 27.6 கன மீட்டர். 6 குறுக்கு பீம்கள். ஒவ்வொன்றும் 300 மில்லிமீட்டர் அகலம், 750 ஆழம், தூண்களுக்கு இடையே 9.7 மீட்டர். இங்கேதான் முதல் பிழை. பீமின் 750 ஆழத்துக்குள் தளத்தின் 130-ம் அடக்கம். தளத்தை முழுப் பரப்புக்கும் கணக்கிட்டுவிட்டால் பீமுக்கு 620 மட்டுமே எடுக்க வேண்டும். பட்டியலில் முழு 750-ம் ஏறிவிட்டது. 6 பீம்களிலும் சேர்த்து 2.27 கன மீட்டர் இருமுறை எண்ணப்பட்டது. வேலை நடந்த அளவுக்குத்தான் பணம் என்பதால், எம்-புக்கில் (நடந்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) அளந்தபோது பீம் 10.8 கன மீட்டராகக் குறைந்து, 0.6 திரும்பியது. மொத்தத் தொகைக்கு ஒப்பந்தம் போட்டிருந்தால் இந்தப் பணம் கேள்வியே இல்லாமல் போயிருக்கும்.

கம்பிக்கு, கன மீட்டர் தளத்துக்கு 80 கிலோ, பீமுக்கு 150 கிலோ என்ற கைக்கணக்கை முதல் சுற்றில் மட்டும் வைத்தோம். டெண்டருக்குக் கம்பி வெட்டும் பட்டியல் போட்டே எடை எடுத்தோம். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும்: 8 மில்லிமீட்டருக்கு 0.395, 12-க்கு 0.89, 16-க்கு 1.58, 20-க்கு 2.47. கைக்கணக்கில் தெரியாத சேதாரம் ஒன்று இந்தப் பட்டியலில் தெரிந்தது. பீமின் நீளக் கம்பி வளைவோடு சேர்த்து 10.9 மீட்டர், கம்பி வருவது 12 மீட்டரில். ஒவ்வொன்றிலும் 1.1 மீட்டர் துண்டு விழும். வழக்கமாக வைக்கும் 3 சதவீத சேதாரம் இதற்கு எட்டாது. துண்டுகளை லிண்டலுக்கும் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் சிறு பீம்) தளக் கம்பியைத் தாங்கும் நாற்காலிக் கம்பிகளுக்கும் பயன்படுத்த வேண்டும் என்று வெட்டும் பட்டியலிலேயே குறித்தோம்.

விகிதம் எப்படி அமைந்தது என்று பலர் கேட்டதால் ஓர் இனத்தை மட்டும் பிரித்துக் காட்டுகிறோம். 1:1½:3 கலவையில் (சிமென்ட் 1, மணல் 1½, ஜல்லி 3, ஆக 5.5 பங்கு) 1 கன மீட்டர் கான்கிரீட் கிடைக்க, உலர்ந்த பொருள் 1.54 கன மீட்டர் வேண்டும். ஜல்லியின் இடைவெளியில் மணலும், மணலின் இடைவெளியில் சிமென்டும் இறங்கிவிடுவதால் இந்தச் சுருக்கம். 1.54-ஐ 5.5-ஆல் வகுத்தால் சிமென்ட் 0.28 கன மீட்டர், அதாவது 403 கிலோ, 8 மூட்டைக்குச் சற்று மேல். மணல் 0.42, ஜல்லி 0.84 கன மீட்டர். இதோடு கலவை இயந்திரம், வைப்ரேட்டர் வாடகை, கொத்தனார், சித்தாள் கூலி, தண்ணீர், நீராற்றல் (கான்கிரீட் இறுகும்வரை ஈரமாக வைத்திருப்பது). இவற்றின் கூட்டுத்தொகை மேல் 15 சதவீதம் ஒப்பந்ததாரரின் நிர்வாகச் செலவும் லாபமும். இந்தப் பகுப்பை ஒவ்வொரு பெரிய இனத்துக்கும் நாங்களே போட்டு வைத்திருந்ததால்தான் பிறகு புள்ளிகளை எடைபோட முடிந்தது.

மணலில் இரண்டு தொல்லை. ஒன்று அலகு. விற்பவர் யூனிட்டில் சொல்வார். 1 யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். பட்டியல் கன மீட்டரில் இருக்கும். இரண்டும் ஒரே தாளில் கலந்தால் விகிதம் ஏறக்குறைய மூன்று மடங்கு பிசகும். மற்றது ஈரம். சுமார் 5 சதவீத ஈரத்தில் மணல் 20 முதல் 30 சதவீதம் வரை உப்பித் தெரியும். கண்ணாடிக் குவளையில் 200 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஈர மணல் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கிளறி அமரவிட்டால் 160-க்கு இறங்கும். அப்படியானால் உப்பல் 25 சதவீதம். பெட்டியால் அளந்து கலக்கும் இடத்தில் இதைச் சேர்க்காவிட்டால் கலவையில் மணல் குறைந்து, கன மீட்டருக்கு சிமென்ட் கூடுதலாகப் போகும். குவளைச் சோதனையைக் கான்கிரீட் போடும் ஒவ்வொரு நாள் காலையிலும் செய்யச் சொல்லி எழுதி வைத்தோம். தளத்துக்கும் பீமுக்கும் சேர்த்து 38.4 கன மீட்டருக்குக் கணக்குப்படி 310 மூட்டை, பயன்பட்டது 316.

மண்ணும் இதே கதைதான். தோண்டிய மண் லாரியில் ஏறும்போது கால் பங்கு பெருகும். 12 தூண் குழிகள், 1.8 மீட்டர் சதுரம், 1.5 மீட்டர் ஆழம்: குழியில் அளந்தால் 58.3 கன மீட்டர், லாரியில் அளந்தால் 73-க்கு அருகில். எங்கே அளப்பது என்று எழுதாத ஒப்பந்தத்தில் சண்டை நிச்சயம். ‘குழி அளவே அளவு, ஏற்றி அகற்றும் செலவும் விகிதத்தில் அடக்கம்’ என்று எழுதியிருந்தோம்.

செங்கலை எண்ணிக்கையில் வாங்காமல் கட்டிய சுவரைக் கன மீட்டரில் அளந்தோம். 190×90×90 கல்லென்றால், சாந்தோடு சேர்த்துக் கன மீட்டருக்கு 500. 230×110×75 கல்லென்றால் 408. எந்தக் கல் வந்தாலும் அது ஒப்பந்ததாரரின் கணக்கு. பூச்சில் கதவு, ஜன்னல் திறப்புகளைக் கழிக்கும் விதியையும் பட்டியலின் முகப்பிலேயே அச்சிட்டோம்: 0.5 சதுர மீட்டர் வரை கழிவில்லை. 3 வரை ஒரு பக்கம் மட்டும் கழிவு, ஓரப் பூச்சுக்குத் தனிப் பணமில்லை. அதற்கு மேல் இரு பக்கமும் கழித்து ஓரப் பூச்சைச் சேர்ப்பது. இதனால் இறுதி அளவெடுப்பில் பூச்சு பற்றி ஒரு வாக்குவாதமும் வரவில்லை.

டெண்டர் ஆவணத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. சென்ட்ரிங்கை (கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் தற்காலிக அடைப்பும் முட்டும்) சதுர மீட்டரில் கேட்டிருந்தோமே தவிர, முட்டு 5 மீட்டர் உயரத்துக்கு நிற்க வேண்டும் என்று அந்த இனத்தில் எழுதவில்லை. வழக்கமான தள உயரத்துக்கு ஒற்றை முட்டு போதும். 5 மீட்டரில் இடையே குறுக்குக் கட்டுகள் வேண்டும், பொருளும் கூலியும் கூடும். இடத்தைப் பார்த்தபின் நடந்த கூட்டத்தில் புள்ளி தருவோரில் ஒருவர் இதைக் கேட்டார். திருத்தத்தை எழுத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பி, உயரத்தையும் குறுக்குக் கட்டையும் சேர்த்தோம். கேட்டவருக்கு மட்டும் வாயால் பதில் சொல்லியிருந்தால், மற்றவர்களின் விகிதம் வேறொரு வேலைக்கான விகிதமாக இருந்திருக்கும்.

5 புள்ளிகள் வந்தன. ஒன்று, முன்பணம் கேட்டு நிபந்தனை போட்டதால் விலை உறையைத் திறக்காமலே நீக்கப்பட்டது. மீதி நான்கில் ஒருவர் வரியைச் சேர்த்து எழுதியிருந்தார். எல்லாவற்றையும் வரியில்லாத நிலைக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட்டோம். இன்னொன்றில் பெருக்கல் பிழை. தொகைக்கும் விகிதத்துக்கும் முரண் வந்தால் விகிதமே செல்லும், இலக்கத்துக்கும் எழுத்துக்கும் முரண் வந்தால் எழுத்தே செல்லும் என்பது விதி, அதன்படி 99.1 என்று வாசிக்கப்பட்டது 101.8 ஆனது. இறுதி வரிசை: 91.5, 97.2, 101.8, 109.4.

91.5-ஐ விட்டது ஏன் என்பதுதான் அதிகம் பேசப்பட்டது. மொத்தத்தைப் பார்க்காமல் இனவாரியாகப் பாருங்கள். அஸ்திவாரத்துக்கு எங்கள் 18. அவர் எழுதியது 25.2. தூண், பீம், தளத்துக்கு எங்கள் 36, அவர் 34.2. செங்கல் வேலை 17-க்கு 14.45. பூச்சு, தரை, வண்ணம் 15-க்கு 8.25. மேல்தள வெதரிங் கோர்ஸ் (மழைநீர் வடியத் தளத்தின் மேல் சரிவாகப் போடும் நிரப்பு) 4-க்கு 2.4. மின்சாரமும் குழாயும் 10-க்கு 7. முதலில் நடக்கும் வேலைக்கு அதிக விகிதம், கடைசியில் நடப்பதற்குக் குறைந்த விகிதம். அஸ்திவாரமும் தளமும் முடியும்போது எங்கள் மதிப்பீட்டின்படி 54 சதவீத வேலை நடந்திருக்கும். அவர் தன் தொகையில் 65 சதவீதத்தைப் பெற்றிருப்பார். மிச்ச வேலைக்கு ஒருவர் தொடர்ந்து நிற்க அதில் காரணம் இருக்காது. விளக்கம் கேட்டபோது வந்த பூச்சு விகிதப் பகுப்பில், சிமென்டுக்கும் மணலுக்குமே அந்தத் தொகை போதவில்லை. போதாக்குறைக்கு, அளவு கூடக்கூடிய இனம் எதுவென்றால் மண்ணுக்குள் இருக்கும் அஸ்திவாரம்தான். அங்கே அவருடைய விகிதம் எங்களுடையதைப் போல 1.4 மடங்கு. 97.2 புள்ளியில் எந்த இனமும் எங்கள் பகுப்பிலிருந்து 12 சதவீதத்துக்கு மேல் விலகவில்லை.

அஸ்திவாரம் பற்றிய அச்சம் பலித்தது. 12 குழிகளில் 4-ல் 1.5 மீட்டரில் கெட்டி மண் வரவில்லை. பழைய நிரப்பு மண். 2.1 மீட்டருக்குப் போய், கூடுதல் ஆழத்தை 1:4:8 கான்கிரீட்டால் நிரப்பினோம். 7.8 கன மீட்டர், செலவு 1.9. இதில் குழுவின் தவறு உண்டு: மண் பார்க்க ஒரு மூலையில் ஒரே ஒரு குழி வெட்டினோம். நிரப்பு மண் எதிர் மூலையில் இருந்தது. குறைந்தது மூன்று இடங்களில் வெட்டியிருக்க வேண்டும். அப்போதும் செலவு வந்திருக்கும், ஆனால் மதிப்பீட்டுக்குள் வந்திருக்கும். ‘ஒவ்வொரு கூடுதல் 0.3 மீட்டர் ஆழத்துக்கும்’ என்று தனி விகிதம் முன்பே வாங்கியிருந்ததால் குழி திறந்து கிடக்கும்போது பேரம் பேச வேண்டியிருக்கவில்லை.

சுற்றுச்சுவரில் 1.1 கூடியது. வரைபடத்தில் தரை சமம். நிலத்தில் 120 மீட்டருக்கு 1.2 மீட்டர் சரிவு. 30 மீட்டருக்கு ஒரு படி, படிக்கு 0.3 என்று இறக்கியதால் உயரம் 1.8-ல் தொடங்கி 2.1 வரை போகும்; சராசரி 1.95. அந்த 0.15-க்கு 4.14 கன மீட்டர் செங்கல் வேலை, இரு பக்கப் பூச்சு 36 சதுர மீட்டர். மட்டம் பார்க்கும் கருவியை அரை நாள் வைத்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

மேல்தளத்தில் 0.6 மிச்சம். ஒரே பக்கமாக 100-க்கு 1 சரிவு கொடுத்தால் 10.4 மீட்டரில் 104 மில்லிமீட்டர் ஏற்றம். குறைந்தபட்சக் கனமான 40-ஐச் சேர்த்துச் சராசரிக் கனம் 92. நடுவிலிருந்து இருபுறமும் சரித்தால் சராசரி 66. நிரப்பு 19.5 கன மீட்டரிலிருந்து 14 ஆனது, தளத்தின் மேல் பாரமும் குறைந்தது. எதிர்ப்பக்கம் கூடுதலாகப் போட்ட மழைநீர்க் குழாய்களின் செலவு இதில் கழிந்திருக்கிறது.

சாய்தளம் 1.4. வரைபடத்திலேயே இல்லாதது, இடையில் கேட்டுச் சேர்த்தது. அதற்குப் புது விகிதம் பேசாமல் மண், கான்கிரீட், பூச்சு ஆகிய பழைய விகிதங்களிலிருந்தே கட்டினோம். மின்கேபிளைத் தரைக்கடியில் கொண்டுபோனதற்கு 1.2.

ஒவ்வொரு பில்லிலும் பிடித்த 5 சதவீதம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. குறைபாட்டுப் பொறுப்புக் காலம் 12 மாதம். விடுவிக்கும் முன் பார்க்க வேண்டியவை: மழைக்குப் பின் மேல்தளத்தில் நீர் தேங்குகிறதா, சுவர்ப் படிகளில் விரிசல் உண்டா, தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் பூச்சு பிளந்திருக்கிறதா. கடைசி இடத்தில், பூச்சு பிளக்காமலிருக்க அடிக்க வேண்டிய கோழிவலையை (மெல்லிய கம்பி வலை) அளவுப் பட்டியலில் நாங்கள் எழுதவில்லை. வேலையின்போது கவனித்து 8 இணைப்புகளில் அடித்தோம், முதலில் பூசிவிட்ட 4 இணைப்புகளில் அது இல்லை. அந்த நான்கும் எவை என்று வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்து, எம்-புக்கோடு வைத்திருக்கிறோம்.

திருப்பணிக் குழு