கடலூர் வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

பழைய ஆங்கில நாவல்களைக் குறிப்புரைப் பதிப்புகளின் துணையோடு வாசிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு வீதம் 24 கூட்டங்கள் திட்டமிட்டதில், கார்த்திகை மழையால் இரண்டு நடக்கவில்லை. ஜேன் ஆஸ்டினின் ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ 12 கூட்டங்களுக்கும், சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ ஒன்பது கூட்டங்களுக்கும் வந்தது. மீதி ஒன்று, தேவனாம்பட்டினத்துக்கு நடந்துபோன ஞாயிறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

1813இல் வெளிவந்த ஆஸ்டினின் நாவலை நம்மில் பலர் கல்லூரியில் பாடமாகப் படித்தவர்கள். கதை தெரியும், கதைக்குள் ஓடும் பணம் தெரியாது. நாயகி எலிசபெத்தைப் பெண் கேட்கும் உறவினன் காலின்ஸ், உனக்கு வரக்கூடியது ‘நான்கு சதவீதத்தில் ஆயிரம் பவுண்டு’, அதுவும் உன் தாயார் காலத்துக்குப் பிறகுதான் என்கிறான். இந்த நான்கு சதவீதம் அரசுக் கடன்பத்திரத்தின் வட்டி என்று குறிப்புரை சொன்னதும், வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் அங்கேயே கணக்குப் போட்டார். ஆண்டுக்கு 40 பவுண்டு. அவள் தந்தை பென்னட்டின் வருமானமே ஆண்டுக்கு 2,000, அவளைப் பெண் கேட்கும் செல்வந்தர் டார்சிக்கு 10,000. கையில் 40 பவுண்டு வரும்படிக்கான வாக்குறுதி மட்டும் உள்ள ஒரு பெண், காலின்ஸையும் வேண்டாம் என்கிறாள், முதல் தடவை டார்சியையும் வேண்டாம் என்கிறாள். இருபது வயதின் துடுக்கு என்றே அந்தப் பதில்களை முப்பது வருடமாக நினைத்திருந்தேன். அப்படி இனி என்னால் படிக்க முடியாது.

பென்னட்டின் சொத்து ஏன் மகள்களுக்குப் போகவில்லை என்ற கேள்விக்கு மட்டும் மூன்று கூட்டங்கள் பிடித்தன. “காலின்ஸ் தாயாதி, அவ்வளவுதானே” என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். பாதி சரி. குடும்ப ஏற்பாட்டின்படி சொத்து ஆண் வாரிசின் வழியில் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு மகன் பிறந்து, 21 வயதாகி, தந்தையோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அந்தக் கட்டை அவிழ்த்துவிடலாம். பிறக்கப்போகும் அந்த மகனை நம்பித்தான் பென்னட் சேமிக்காமலே காலத்தை ஓட்டினார் என்று நாவலே சொல்கிறது. பிறந்தது ஐந்தும் பெண். திருமதி பென்னட்டின் புலம்பலைக் கேலியாக மட்டும் படித்தவர்களுக்கு, குறிப்பாக எங்கள் ஆண் உறுப்பினர்களுக்கு, இந்தக் குறிப்பு ஒரு கண்திறப்பு. தபால் கட்டணத்தைக் கடிதம் பெறுபவரே கொடுத்த வழக்கம், ஸ்காட்லாந்து எல்லையிலுள்ள கிரெட்னா கிரீனுக்கு ஓடிப்போய்ச் செய்துகொள்ளும் திருமணம் ஆகியவற்றைப் பற்றிய விவாதங்கள் கூட்டப் பதிவேட்டில் உள்ளன.

‘நாவலுக்கு எதற்கு உரை?’ என்று தொடக்கத்தில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உ.வே.சா. 1892இல் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும்தான் அச்சிட்டார். அடியார்க்குநல்லார் இல்லையென்றால் அரங்கேற்று காதையின் இசையும் கூத்தும் நமக்கு எவ்வளவு எட்டியிருக்கும்? இருநூறு ஆண்டுப் பழைய ஆங்கில நாவலும் உரை வேண்டும் காலத்துக்கு வந்துவிட்டது என்பதே என் கருத்து.

டிக்கன்ஸின் நாவல் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை அவருடைய வார இதழில் 36 பகுதிகளாக வந்தது. அந்தப் பகுதிகள் முடிந்த இடங்களிலேயே நிறுத்தி, கூட்டத்துக்கு நான்கு பகுதி வாசித்தோம். வார இதழ்த் தொடர்கதைக்குக் காத்திருந்து பழகிய மூத்தவர்களுக்கு இது மிகவும் பிடித்தது. இங்கே என் தவறு ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். நாடு கடத்தப்பட்ட கைதி தண்டனைக் காலம் முடியாமல் திரும்பினால் தூக்கு என்ற சட்டம் 1834 வரை இருந்தது. அதை விளக்கும் குறிப்பை முதல் கூட்டத்துக்கே நகலெடுத்துக் கொடுத்துவிட்டேன். நாவலின் நாயகன் பிப்புக்குப் பணம் அனுப்புவது யார் என்பது அதிலேயே இருந்தது. முதன்முறையாகப் படிக்கவந்த இரண்டு கல்லூரி மாணவிகளுக்கு நாவலின் பெரிய திருப்பம் பறிபோனது. அவர்களிடம் மீண்டும் வருத்தம் தெரிவிக்கிறேன். அதற்குப் பிறகு, அத்தியாயத்தை வீட்டில் குறிப்பில்லாமல் படிப்பது, குறிப்புகளைக் கூட்டத்தில் மட்டும் பிரிப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டோம்.

இனி, தேவனாம்பட்டினம். ஆஸ்டினின் தந்தையின் சகோதரி பிலடெல்பியா. பெற்றோரை இழந்தவர், லண்டனில் தொப்பித் தையல் பழகியவர். 1752இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, மறு ஆண்டு நம் கடலூரில் கம்பெனி மருத்துவர் டைசோ ஹான்காக்கை மணந்தார். நாங்கள் வைத்திருந்த பதிப்பின் முன்னுரையில் இது ஒரே வரி. அந்த வரியில் நம் ஊர்ப் பெயரைப் பார்த்த அன்று வேறு எதையும் வாசிக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு 17 பேர், புனித டேவிட் கோட்டை இருந்த இடத்துக்கு நடந்தோம். 1758இல் பிரெஞ்சுப் படை பிடித்து இடித்த கோட்டை, எஞ்சியிருப்பது கொஞ்சமே. பிலடெல்பியாவின் மகள் எலிசா கல்கத்தாவில் பிறந்து, பின்னாளில் ஆஸ்டினின் அண்ணன் ஹென்றியை மணந்தவர். பதினாறு வயதில் ஆஸ்டின் எழுதி முடிக்காமல் விட்ட கதை ஒன்றில், ஆதரவற்ற ஒரு பெண்ணை மாப்பிள்ளை தேடி வங்காளத்துக்குக் கப்பலேற்றுகிறார்கள். அத்தையின் கதை வீட்டில் பேசப்பட்டிருக்கும் என்று கரையில் நின்றபோது எல்லோருக்கும் தோன்றியது. அந்த ஒரு வரிக்கு நாமே ஒரு நீண்ட குறிப்பு எழுதுவது என்று அங்கேயே முடிவானது. மூன்று பேர் எழுதிவருகிறார்கள்.

வரவு செலவு: முன்னிருப்பு ரூ. 1,150. 31 உறுப்பினர்களின் சந்தா ரூ. 9,300. நூல்கள், நகல், தேநீர் ஆகியவற்றுக்கான செலவு ரூ. 9,780. கையிருப்பு ரூ. 670. நகல் செலவு கூடிவருவதால் சந்தாவை உயர்த்துவது பற்றிப் பொதுக்குழு பேச வேண்டும்.

வரும் ஆண்டுக்கு வில்கி காலின்ஸின் ‘தி மூன்ஸ்டோன்’ (1868) முன்மொழியப்பட்டுள்ளது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த நாளில் தொடங்கும் நாவல். அதன் முதல் பக்கங்களுக்கான குறிப்புகளை எழுத விரும்புவோர் இன்றே பெயர் கொடுக்கலாம்.

அறிக்கையையும் கணக்கையும் ஏற்றுத்தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்