அந்த நோட்டீஸில் இருப்பது என் படம்தான்

மக்கள் நல்வாழ்வுத் துறையிலும் துணை மருத்துவப் படிப்புகளைக் கவனிக்கும் இடங்களிலும் பொறுப்பில் இருக்கிற ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் எங்கள் தெருச் சித்தி ஒருத்தி, நான் படித்த இடத்தின் சேர்க்கை நோட்டீஸ் ஒன்றோடு வந்தாள். "ஏட்டி, இது நீதானே? நல்ல இடந்தானா? நம்ம பிள்ளையையும் சேத்துரவா?" என்று கேட்டாள். வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக நான்தான். பயிற்சி நாட்களில் எடுத்த படம். கீழே 'பிரபல மருத்துவமனையில் பணிபுரியும் எங்கள் மாணவி' என்று போட்டிருந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. பணிபுரிவது உண்மைதான், அதனால் முழுப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை.

சேர்க்காதே என்றேன். "அப்போ எது நல்ல இடம்னு நீயே சொல்லு" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தத் தொழிலில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. அதனால்தான் உங்களுக்கு இந்த மடல்.

என் அம்மா நெல்லை மாவட்டம் பாப்பாக்குடி பக்கம் பீடி சுற்றுகிறவள். பி.எஃப். பணத்தில் கை வைத்துத்தான் என்னை இரண்டு வருஷ 'மெடிக்கல் அசிஸ்டென்ட் டிப்ளமோ'வில் சேர்த்தாள். சுவரெல்லாம் 'அரசு பதிவு பெற்றது' என்று எழுதியிருந்தார்கள், சான்றிதழிலும் அந்தப் பதிவு எண் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அது சார்பதிவாளர் அலுவலகத்தில் டிரஸ்டைப் பதிந்த எண், படிப்புக்கான அங்கீகாரம் இல்லை என்று எனக்குப் புரிந்தது, அரசு வேலைக்கு விண்ணப்பித்து நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய்ச் சான்றிதழ் சரிபார்ப்பு மேஜை முன்னால் நின்றபோதுதான். அங்கிருந்தவர் நல்ல மனுஷன். சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது செல்லாதும்மா" என்று மெதுவாகத்தான் சொன்னார். பதிவு எண் இருந்தால் போதும் என்றால் எங்கள் வீட்டுப் பத்திரமும்தான் அரசு பதிவு பெற்றது. அதைக் காட்டி ஊசி போடலாமா?

இப்போது பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருக்கிறேன். காலை எட்டுக்குப் போனால் இரவு எட்டு. பிரஷர் பார்ப்பது, சுகர் பார்ப்பது, ஈ.சி.ஜி. எடுப்பது, டிரெஸ்ஸிங், கேஸ் ஷீட் எழுதுவது எல்லாம் நான்தான். நோயாளிகள் 'சிஸ்டர்' என்று கூப்பிடுகிறார்கள். சான்றிதழில் 'மருத்துவ உதவியாளர்'. சம்பள ரிஜிஸ்டரில் 'ஹெல்பர்'. எனக்கு பி.எஃப். கிடையாது.

சம்பளத்தைப் பற்றிப் புலம்ப வரவில்லை. நான் சொல்ல வந்தது இன்ஸ்பெக்‌ஷன் நாளைப் பற்றி. யாராவது பார்வையிட வருகிறார்கள் என்றால் முந்தின நாள் ராத்திரியே போன் வந்துவிடும்: "நாளைக்கு நீங்க வர வேண்டாம்." சம்பளம் பிடித்தம்தான். முந்தின நாள் வரை நான் கட்டு மாற்றிக்கொண்டிருந்த பாட்டி, "எங்கே அந்தப் பிள்ளை?" என்று கேட்டிருக்கிறாள். லீவு என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த மாதிரி நாட்களில் நான் வீட்டில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து பீடிக்கட்டுக்கு நூல் சுற்றிக் கொடுப்பேன். அம்மா ஒன்றும் கேட்க மாட்டாள், சுளகைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தி வைப்பாள். அவளிடம் பீடித் தொழிலாளி அடையாள அட்டை இருக்கிறது. அவளுக்கென்று 1966-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. நுரையீரலைக் கெடுக்கிற பொருளைச் செய்கிறவளுக்கு அட்டை உண்டு, நுரையீரல் கெட்டு வருகிறவர்களுக்கு நெபுலைசர் வைக்கிற எனக்கு இல்லை.

எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு சட்டம் வந்தது, மறக்கவில்லை. துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், 2021. படிப்பு 2000 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, இரண்டு முதல் நான்கு வருஷம் இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. இந்தத் தொழில்களைக் கவனிக்க மாநிலங்கள் ஆறு மாதத்தில் ஒரு கவுன்சில் அமைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த ஆறு மாதம் எவ்வளவு நீண்டது என்றால், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கூப்பிட்டு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. கவுன்சிலின் காகிதங்கள் இன்றைக்கு எந்த மேஜையில் இருந்தாலும் சரி, வண்ணார்பேட்டையில் நோட்டீஸ் வாங்கிக்கொண்டு நிற்கிற பிளஸ் டூ பிள்ளைக்கு அது தெரியாது. '100 சதவீத வேலை உத்தரவாதம்' மட்டும் நன்றாகத் தெரியும். டவுன் பஸ்ஸின் முதுகில் அவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறதே.

அப்புறம், போலிப் படிப்புகளில் சேர்ந்து ஏமாற வேண்டாம் என்று வருஷா வருஷம் எச்சரிக்கிறீர்கள். ரொம்ப நன்றி. எது போலி என்று மட்டும் எங்களையே கண்டுபிடிக்கச் சொல்கிறீர்கள். பீடிக்கடையில் கூடக் கட்டைக் கையில் வாங்கினதுமே பார்த்து, சரியில்லாததை அன்றைக்கே கழித்துவிடுவார்கள். இரண்டு வருஷம் சுற்ற விட்டு, சென்னைக்கு வரவழைத்துக் கழிப்பதில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும். கேட்பது சின்ன விஷயம். இந்த மாவட்டத்தில் எந்தெந்த இடத்தில் எந்தெந்தத் துணை மருத்துவப் படிப்பு செல்லும் என்று ஒரு பட்டியல் வேண்டும். தமிழில், ஒரே தாளில். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்திலும் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளி நோட்டீஸ் போர்டிலும் பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே ஒட்டுங்கள். இணையத்தில் எங்கேயாவது இருக்கிறது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். சித்தியிடம் இருப்பது பட்டன் போன்.

என் போன்றவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, தேறினவர்களைப் பதிவு செய்ய வழி இருந்தால் அதையும் யோசியுங்கள். விட்டுப்போன பாடத்தைப் படிக்கச் சொன்னாலும் படிக்கிறோம். அது பிறகு. முதலில் அந்தப் பட்டியல், ஐயா.

சித்தி மகள் இன்னும் சேரவில்லை. நோட்டீஸ்காரர்கள் சீட் முடியப்போகிறது என்று தினமும் போன் பண்ணுகிறார்கள். நான்தான் பத்து நாள் பொறுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பாப்பாக்குடி பக்கத்திலிருந்து
ஒரு மருத்துவ உதவியாளர்
(சான்றிதழ்படி)