31 ஆம் நாள்: ஒரு காருக்கான நன்றி நவிலல்

யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரில் ஒருவர் காலமானால் 31 ஆம் நாள் பேப்பரில் நன்றி நவிலல் போடுவது வழக்கம். செய்தி கேட்டு நேரில் வந்தோருக்கும், தொலைபேசியில் விசாரித்தோருக்கும், பந்தல் போட்டோருக்கும், சமைத்தோருக்கும் என்று அது நீளும். இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்கு அதை எழுதியவள் நான்தான். ஆகவே கை பழகியிருக்கிறது. எங்கள் மொறிஸ் மைனர் கார் ஒரு லொறியில் ஏறிப்போய் இன்றோடு 31 நாள்.

"ஒரு காருக்கு இதெல்லாம் வேணுமே அக்கா?" என்று கனடாவிலிருந்து தம்பி கேட்டான். கேட்டவன்தான் கார் போன அன்று மூன்று தரம் போன் எடுத்து, மூன்று தரமும் ஒன்றும் கதைக்காமல் வைத்தவன்.

யாருடைய பெயரையும் போடவில்லை. கராச் அண்ணையிடம் கேட்டபோது, "பேரைப் போட்டா வேலை கூடிப்போம் பிள்ளை, இருக்கிறதே முடிக்கேலாமக் கிடக்கு" என்றார். மற்றவர்களில் பலருடைய பெயர் எனக்குத் தெரியவே தெரியாது. உங்களுக்கு உங்களைத் தெரியும்.

அப்பப்பா மலாயன் பென்சன்காரர், அதாவது மலாயாவில் வேலை பார்த்து ஓய்வூதியம் பெற்றவர். 1959 இல் அந்தச் சேமிப்பில் கொழும்பில் புதிதாக எடுத்த கார் அது. மொறிஸ் மைனர் 1000; 948 சி.சி. எஞ்சின், திரும்பும்போது கதவுக்குப் பக்கத்தால் ஒரு சின்னக் கை வெளியே நீட்டும். ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு அது 'கை நீட்டிற கார்'. பொனற்றின் நடுவால் நெட்டுக்கு ஓடும் மேட்டை அப்பப்பா விரலால் தடவிக் காட்டுவாராம். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் மாதிரிக் காரைச் செய்து பார்த்து, குறுகிப்போய்விட்டது என்று நடுவால் இரண்டாக வெட்டுவித்து, நாலு அங்குலம் அகட்டிப் பொருத்திப் பார்த்தாராம். அந்த நாலு அங்குலத்தின் அடையாளம்தான் அந்த மேடு. அந்த நாலு அங்குலம் இல்லையென்றால் பின் சீற்றில் மூன்று பேர் இருந்திருக்க முடியாது. எங்கள் காரில் ஐந்து பேர் இருந்து போனதுண்டு. எனவே முதல் நன்றி இசிகோனிசுக்கு.

இரண்டாவது நன்றி, இலக்கத் தகட்டில் தார் பூசியவர்களுக்கு. 1957, 58 இல் ஸ்ரீ எதிர்ப்பு நடந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வாகன இலக்கத்தில் சிங்கள ஸ்ரீ வந்ததற்கு எதிராக இங்கே தமிழ் ஸ்ரீ எழுதினார்கள், தார் பூசினார்கள். அந்தச் சூடு ஆறாத காலத்தில் அப்பப்பா சிங்கள ஸ்ரீயோடு காரை ஊருக்குள் கொண்டுவர, இரண்டாம் நாள் விடியற்காலை எழுத்தின் மேல் தார். பூசியது யார் என்று அவருக்குத் தெரியும், ஒரே கூட்டுறவுச் சங்கக்கடையில்தான் சாமான் வாங்கினார்கள். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். எழுத்தின் வளைவுகளுக்குள் மட்டும் கறுப்பு போகவில்லை. கடைசிவரை போகவில்லை.

மண்ணெண்ணெய் என்றதும் 90 களுக்கு வர வேண்டும். நான் அதிகம் நன்றி சொல்ல வேண்டிய ஆட்கள் அங்கேதான் நிற்கிறார்கள்.

1990 இல் சண்டை திரும்பத் தொடங்கி, பொருளாதாரத் தடையும் வந்து, பெற்றோல் யாழ்ப்பாணத்தில் மருந்து மாதிரி ஆகிவிட்டது. உண்மையில் மருந்து மாதிரித்தான்: ஊசி ஏற்றும் சிறிஞ்சுக்குள் இழுத்து, காபரேற்றருக்குள் சில துளி விட்டு எஞ்சினை எழுப்புவோம். எழும்பிச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, பற்றாது. சூடான பிறகும் முழுக்க எரியாது. எரியாத மிச்சம் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், பிளக்கைக் கரியாக்கும். வெள்ளைப் புகையோடு, லாம்பு அணைத்த மணத்தோடு கார் போகும். அந்த மணத்தை வைத்தே "வாத்தியார் வாறார்" என்பார்கள்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஆனால் இரவில் எங்கள் கார்தான் ஊருக்கு அம்புலன்ஸ். பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, செல் குண்டுக் காயம். ஒழுங்கையில் யாராவது கூப்பிட்டால் அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சிறிஞ்சைத் தேடுவார். எண்ணெய் வேண்டாமா? சங்கக்கடையில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று அளந்துதான் தருவார்கள். அதில்தான் விளக்கும் எரிய வேண்டும். நீங்கள் உங்கள் லாம்பை ஊதி அணைத்துவிட்டு, அரைப் போத்தல், கால் போத்தல் என்று கொண்டுவந்து எங்கள் விறாந்தையில் வைத்துவிட்டுப் போனீர்கள். யாருடைய போத்தல் யாருடையது என்று அம்மா நூல் கட்டி அடையாளம் வைத்திருந்தா. பத்துப் பதினைந்து நிற நூல். அந்த எண்ணெயை ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை, வெறும் போத்தலை மட்டும் கேட்டு வாங்கிப் போனீர்கள். போத்தலும் தட்டுப்பாடுதானே.

பெரியாஸ்பத்திரி வாசல் காவலாளி ஐயாவுக்கும் கடன் இருக்கிறது. எஞ்சினை நிற்பாட்டினால் திரும்ப எழுப்பப் பெற்றோல் இல்லை. அதனால் அப்பா ஓடவிட்டபடியே நோயாளியை இறக்குவார். வளவு முழுக்கப் புகை. நீங்கள் துவாயால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கெதியா வாத்தியார், கெதியா" என்று மட்டும் சொல்வீர்களாம். ஒரு நாளும் கலைக்கவில்லை.

இனி 1995 ஒக்டோபர் 30 இரவு. அன்று எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் சண்டையால் இடம்பெயர்ந்து ஒரே வீதியில் நின்றது. மழை. எனக்கு 14 வயது. காருக்குள் அப்பம்மா, பக்கத்து வளவு அக்காவும் கைக்குழந்தையும், ஒரு தையல் மெசின், அரிசி மூட்டை. மற்ற எல்லாரும் நடை. நான் பின் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சனம் நகர்ந்தால்தான் கார் நகரும், ஓடவிட்டுக்கொண்டு நின்றால் எண்ணெய் முடிந்துபோகும். அப்பா எஞ்சினை நிற்பாட்டினார். அரியாலையில் எங்கிருந்தோ இரண்டு பெடியள் வந்து பின்னுக்குக் கை வைத்தார்கள். கேட்கவில்லை, சொல்லவுமில்லை. செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலம் வரைக்கும் தள்ளினார்கள். ஒருவருக்குக் காலில் செருப்பில்லை. பாலத்தில் காற்று வீசியபோது அவர்தான் தன் படங்குத் துண்டைக் கழற்றி, உடைந்த கண்ணாடிப் பக்கம் அப்பம்மா நனையாமல் அடைத்தார். கைதடியில் வெளிச்சம் வந்தது. "நில்லுங்கோ தம்பியவை, தேத்தண்ணி வாங்கித் தாறன்" என்று அப்பா இறங்கினார். தேத்தண்ணி கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது நீங்கள் இல்லை.

உங்களுக்கு இப்போது ஐம்பது வயதளவில் இருக்கும், இருந்தால். அந்தத் தேத்தண்ணியை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கோண்டாவில் பக்கம் வந்தால் வீடு விசாரியுங்கள். கை நீட்டிற கார் நின்ற வீடு என்றால் சொல்லுவார்கள்.

மிருசுவில் ஊர்க் குடும்பத்தாருக்கு: 96 இல் நாங்கள் ஊர் திரும்பியபோது காரைக் கொண்டுவர முடியவில்லை. உங்கள் மாலில், அந்தக் கொட்டிலில், விட்டுவிட்டு வந்தோம். இரண்டு வருடம் கழித்து அனுமதி எடுத்துக்கொண்டு அப்பா வந்தபோது சில்லுகள் நாலும் உங்கள் சாமி அறைக்குள் இருந்தன. ரயர் பழுதாகாமல் இருக்கக் காரைக் கல்லில் ஏற்றி, மேலே கிடுகு சாத்தி வைத்திருந்தீர்கள். அப்பா அதைக் கேட்கவே இல்லை. பின் சீற்றில் அடைகிடந்த கோழிக்காகக் குஞ்சு பொரிக்கும்வரை ஒரு கிழமை காத்திருக்கச் சொன்னீர்களாம். காத்திருந்தார். நன்றி, கோழிக்கும்.

2022 பெற்றோல் வரிசையை எல்லாரும் பார்த்தோம், நீட்டவில்லை. பெற்றோல் பங்கீட்டுக் கியூ.ஆர். பதிவுக்குச் சேசி இலக்கம் வேண்டும் என்று வந்தபோது, அறுபது வருடப் பெயின்றுக்குள் புதைந்துகிடந்த இலக்கத்தை நாணயத்தால் சுரண்டி எடுத்துத் தந்த முன்வீட்டுப் பிள்ளைக்கு என் அன்பு. கிழமைக்கு 20 லீற்றர் என்றதைக் கேட்டு அப்பா, "அடேயப்பா, 92 இல எண்டா இதில மூண்டு வருசம் ஓடியிருப்பன்" என்றார்.

பிறகு அப்பா போனார்.

இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். அப்பா போன பிறகு நான் காரை நன்றாகத்தான் பார்த்தேன் என்று நினைத்திருந்தேன். ஞாயிறுதோறும் கழுவினேன், பம்பரை மினுக்கினேன், படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். மைனரின் முன் சில்லைத் தாங்குவது மரை வைத்த ஒரு மூட்டு. அதற்குத் தவறாமல் கிறீஸ் அடிக்க வேண்டும், இல்லையென்றால் மரை தேய்ந்து ஒருநாள் சில்லு மடிந்து படுத்துவிடும். அப்பா மாதம் ஒருமுறை சாக்கை விரித்துக் கீழே படுத்ததன் காரணம் அதுதான். நான் மேலே மினுக்கினேன், கீழே பார்க்கவில்லை. போன வருடம் தட்டாதெருச் சந்தியில் வலப்பக்கச் சில்லு படுத்தது. மெதுவாகப் போனதால் பிழைத்தேன். ஓட்டோக்காரப் பெடியள் ஆறு பேர் காரைத் தூக்கி ஓரமாக வைத்தீர்கள். ஒருவர் எனக்குச் சோடா வாங்கித் தந்து, "அக்கா, இது காரின்ர பிழை இல்லை" என்றார். ஆறுதலுக்குச் சொன்னது. ஆனால் சரியாகச் சொன்னார்.

அன்றைக்குத்தான் விற்பது என்று முடிவெடுத்தேன். கராச் அண்ணை கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஆள் பிடித்து மூட்டு எடுப்பித்து, இரண்டு பக்கமும் மாற்றி, கூலி வாங்க மறுத்தார். "வாத்தியார் என்ர மூத்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நூறு ரூபா இன்னும் குடுக்கேல்லை" என்றார். அப்படி அப்பா யாரிடமும் காசு வாங்கியதில்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பார்க்க வந்தவர்கள் பலர். பெயின்றைப் பார்த்தார்கள், சீற்றில் இருந்து செல்பி எடுத்தார்கள், கலியாணத்துக்கு வாடகைக்கு விடலாமா என்று கணக்குப் போட்டார்கள். தெற்கே காலி நகரிலிருந்து வந்தவர் மட்டும் வணக்கம் சொன்ன கையோடு சாக்கு ஒன்று கேட்டார், விரித்துக் கீழே படுத்தார். அரை மணித்தியாலம் அவருடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. என் சிங்களமும் அவருடைய தமிழும் ஏறக்குறைய ஒரே அளவு. தகட்டிலுள்ள கறுப்பு என்னவென்று கேட்டார். தெரிந்த சொற்களில் சொன்னேன். கொஞ்ச நேரம் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, இதைத் திரும்ப எழுத மாட்டேன் என்றார். மற்றவர்கள் அதிகம் தருவதாகச் சொன்னார்கள்தான்.

போன நாளன்று நான் யாருக்கும் சொல்லவில்லை, எல்லாரும் வந்துவிட்டீர்கள். வடை சுட்டு வந்தவர்கள், பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்தவர்கள். பின்வளவு மாமி பின் சீற்றில் ஏறி இருந்துகொண்டு, லொறி வரும்வரை இறங்க மறுத்தா. அந்த இரவில் கைக்குழந்தையாக அதே சீற்றில் போன தங்கச்சி, தன் பிள்ளையைத் தூக்கி வந்து ஸ்ரேறிங்கைப் பிடிக்க வைத்தாள். நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தது யார் என்று இன்னும் தெரியாது, லொறிப் பலகையில் ஏறியபோது அவை நசிந்த சத்தத்தில்தான் பார்த்தேன். உங்களைக் கேட்காமல் விற்றதற்கு மன்னிக்க வேண்டும். அரைப் போத்தல் அரைப் போத்தலாக ஓடிய காரை விற்க நான் தனிய முடிவெடுத்திருக்கக் கூடாது என்பது அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

போன கிழமை காலியிலிருந்து ஒரு வீடியோ வந்தது. கடற்கரை வீதி, கை நீட்டித் திரும்புகிறது. கூடவே ஒரு குரல் பதிவு: எஞ்சினைக் கையால் சுழற்றி எழுப்பும் இரும்புக் கம்பியைக் காணவில்லையாம், வீட்டில் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்கிறார்.

இருக்கிறது. கதவுக்குப் பின்னால், அப்பாவின் குடைக்குப் பக்கத்தில். பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்று பதில் அனுப்பியிருக்கிறேன். இன்னும் போடவில்லை.