கேட்டலான் கோழியில் சோள மாவு எப்படி வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த 'கேட்டலான் கோழி' சமையல் குறிப்பை என் மருமகள் கத்தரித்து அடுக்களை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தாள். அடுத்த வாரம் அதில் கண்டபடியே சமைக்கவும் செய்தாள். ஒரு கோழி, நான்கு கரண்டி தக்காளி சாஸ், கரைத்து ஊற்றச் சோள மாவு, கரம் மசாலா, மேலே தூவக் கொத்தமல்லித்தழை. ஒரு வாய் தின்ற பேரன் என்னைப் பார்த்து, "தாத்தா, இத்தனை வருஷமாக நீங்கள் பெருமை பேசியது இதைத்தானா?" என்று கேட்டான். அவனுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் தங்களுக்கு எழுதுகிறேன்.

நான் உவரிக்காரன். 27 ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் சமைத்தவன். கப்பல் பாஷையில் பண்டாரி. 1996 ஜனவரியில் இயந்திரக் கோளாறால் எங்கள் கப்பல் 19 நாள் தாரகோனா துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில், பார்சிலோனாவுக்குத் தென்மேற்கே, மத்தியதரைக் கடலோரம் உள்ள ஊர் அது. அந்தப் பகுதிக்குக் கேட்டலோனியா என்று பெயர், அங்கத்து மக்களும் அவர்கள் மொழியும்தான் கேட்டலான். கப்பலுக்குக் காய்கறி கொண்டுவந்து இறக்கும் லாரிக்காரர், நான் வெங்காயத்தை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து வாங்குவதைக் கவனித்திருக்கிறார். "என் அம்மா உன்னைப் பார்க்க வேண்டும்" என்று ஒருநாள் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போனார். துறைமுகத்திலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி வால்ஸ் என்ற ஊர். அதற்கு இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவர் வீடு. அந்த 19 நாளில் மூன்று முறை அங்கே சாப்பிட்டேன். முதல் நாள் வாசலில் நின்று, "ஸ்பெயின் சாப்பாட்டைக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன்" என்றேன். லாரிக்காரர் அதை மொழிபெயர்த்ததும் அந்த அம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. அவர்கள் பேச்சு வேறு, அடுக்களை வேறு. நெல்லைக்காரனிடம் போய் 'மதராஸ் சமையல்' என்று சொல்வதைப் போலத்தான்.

இனி கோழிக்கு வருகிறேன். அந்த அம்மாள் செய்த கோழியில் சாஸ் இல்லை, மாவு இல்லை, மசாலாப் பொடி என்று எதுவும் இல்லை. மண்சட்டியில் ஒலிவ எண்ணெய் ஊற்றிக் கோழித்துண்டுகளைச் சிவக்கப் பொரித்து எடுத்துவைத்தார். அதே எண்ணெயில், மிகப் பொடியாக அரிந்த வெங்காயத்தைக் கொட்டித் தீயை அணைகிற அளவுக்குக் குறைத்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முக்கால் மணி நேரம்! நடுவில் இரண்டு முறை கரண்டி போட்டார், ஒரு முறை தண்ணீர் தெளித்தார். அவ்வளவுதான். வெங்காயம் உருவம் அழிந்து, கருப்பட்டிப் பாகின் நிறத்துக்கு வந்த பிறகுதான் தக்காளி. அதையும் அரியவில்லை, குறுக்கே வெட்டித் துருவியில் தேய்த்தார். சதையெல்லாம் சட்டிக்குப் போய்த் தோல் மட்டும் உள்ளங்கையில் நின்றது. தக்காளித் தண்ணீர் வற்றி எண்ணெய் பிரியும்வரை மறுபடி காத்திருப்பு. இதற்குப் பெயர் 'சொஃப்ரெஜிட்'. கேட்டலான் குழம்புகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் தொடங்குகின்றன. "வெங்காயம் பொன்னிறமாக வதங்கியதும்" என்று குறிப்பு எழுதுகிறவர்கள் ஒரு வரியில் தாண்டிப் போகிற இடம் இது. 24 பேருக்கு வேளை தவறாமல் பொங்கிப்போட்ட நானும் அப்படித் தாண்டியவன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு கோழியைச் சட்டியில் திரும்பப் போட்டு, தண்ணீர் விட்டு வேகவைத்தார். வெந்துகொண்டிருக்கும்போதே ஒரு சிறிய கல்லுரலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வறுத்த பாதாம் ஒரு கைப்பிடி, ஹேசல்நட் என்ற கொட்டை கொஞ்சம் (பக்கத்து ரேயுஸ் நகரம் இதற்குப் பேர்போனது), இரண்டு பல் பூண்டு, பார்ஸ்லித் தழை, நான்கைந்து இழை குங்குமப்பூ, எண்ணெயில் பொரித்த ஒரு துண்டு பழைய ரொட்டி, ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் மரக்குழவியால் இடித்து, சட்டியிலிருந்தே ஒரு கரண்டி சாறு எடுத்துக் கரைத்து, இறக்குவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் ஊற்றினார். தண்ணீராக ஓடிய குழம்பு என் கண்ணெதிரே கூடி வந்தது. இதுதான் 'பிக்காடா'. தங்கள் குறிப்பில் சோள மாவு உட்கார்ந்திருக்கும் இடம் இதனுடையது, ஐயா. சோள மாவு குழம்பைக் கெட்டியாக்கும், அவ்வளவுதான். பிக்காடா கெட்டியும் ஆக்கும், வாசத்தையும் கொடுக்கும்.

இதைப் பார்த்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது எங்கள் வீட்டு மீன்குழம்பு. தேங்காய், சீரகம், சின்ன வெங்காயத்தை அம்மியில் அரைத்து ஊற்றுவோம். ஆனால் யோசித்தால் அது சரியான ஒப்பு இல்லை. நம் அரைப்பு புளியோடு சேர்ந்து நன்றாகக் கொதிக்க வேண்டும். திருநெல்வேலி டவுனில் ஒரு நண்பர் மகள் கல்யாணத்துக்குப் போய் மறுவீட்டுச் சொதி சாப்பிட்ட அன்றுதான் சரியான ஒப்பு கிடைத்தது. காய்களை இரண்டாம் பாலில் வேகவிட்டு, முதல் தேங்காய்ப் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி ஏறும் முன் இறக்கினார்கள். பிக்காடா அந்த முதல் பாலின் வேலையைச் செய்கிறது.

அங்கேயும் மீனவர் வீடுகளில் மீன்குழம்புக்கு இதே இடிப்புதான், உருளைக்கிழங்குதான் கூட்டு. சிலர் மீனின் ஈரலையும் பொரித்துச் சேர்த்து இடிப்பார்கள். ஈரலைத் தூக்கி எறிகிற நம் பெண்கள் இதைக் கவனிக்கலாம். முயல் கறிக்கு இடிக்கும்போது சிறு துண்டு கறுப்புச் சாக்லெட்டும் சேர்வதுண்டு. நான் சிரித்தேன், தின்ற பிறகு சிரிக்கவில்லை. இனிப்பாக இராது, அடித்தொண்டையில் ஒரு கசப்பு நிற்கும்.

தங்கள் குறிப்பில் இன்னொரு தவறு, 'நம் ஊர்க் காரசாரத்துக்கு ஈடான' என்ற வரி. காரமே கிடையாது! அவர்களிடம் 'நியோரா' என்று ஒரு மிளகாய் வற்றல் உண்டு. உருண்டையாக, சிவப்பாக, பார்த்தாலே நமக்கு நாக்கில் நீர் ஊறும். ஊறவைத்து உள்சதையைக் கரண்டியால் சுரண்டி எடுக்கிறார்கள். கடித்தால் காய்ந்த பழம்போல் இனிக்கிறது. அந்தச் சதை, சுட்ட தக்காளி, சுட்ட பூண்டு, பாதாம், ஒலிவ எண்ணெய், கொஞ்சம் வினிகர் எல்லாம் சேர்த்து இடித்தால் தாரகோனா பக்கத்து 'ரொமெஸ்கோ' வகைத் துவையல். தக்காளியும் மிளகாயும் கொலம்பஸ் 1492இல் கடல் கடந்த பிறகுதான் அவர்கள் அடுக்களைக்கே வந்தன. நமக்கு அதற்கும் பிறகு, போர்ச்சுகீசியர் கப்பலில். அதற்கு முன்பே 14ஆம் நூற்றாண்டில் அவர்கள் மொழியில் சமையல் ஏடு எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்திலேயே பாதாமை இடித்துக் குழம்பில் சேர்ப்பதுதான் பழக்கம். பாதாம்தான் மூத்தது, தக்காளி பின்னால் வந்த மருமகள்.

அந்த ரொமெஸ்கோ வகைத் துவையலை எதற்குத் தொட்டுக்கொள்வது என்று சொல்லாமல் விட்டால் பாவம். வால்ஸ் பக்கத்தில் குளிர்காலத்தில் 'கல்சோட்' என்று ஒன்று சாப்பிடுகிறார்கள். வெங்காயத்தை ஒருமுறை விளைவித்து எடுத்து, மறுபடி நட்டு, தண்டு எழும்ப எழும்ப மண் அணைத்துக்கொண்டே வருவார்கள். மண்ணுக்குள் இருக்கும் பகுதி வெயில் படாமல் வெள்ளை வெளேரென்று ஒரு சாண் நீளத்துக்கு வளரும். மண் அணைப்பதைக் குறிக்கும் அவர்கள் சொல்லிலிருந்துதான் கல்சோட் என்ற பெயரே வந்தது. ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை வால்ஸ் ஊரில் இதற்கென்றே திருவிழா. நம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் கிடைத்ததைப் போல, வால்ஸ் கல்சோட்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு.

எனக்கு அதைத் தின்னக் கொடுத்தது வீட்டுப் பின்கட்டில். திராட்சைக் கொடியைக் கவாத்து செய்த காய்ந்த குச்சிகளைக் கொளுத்தி, கங்கு விழும்வரை காத்திராமல் எரிகிற தீயிலேயே வெங்காயத்தை அடுக்கினார்கள். வெளித்தோல் கரியாகிவிட்டது. கருகிப்போனதே என்று நான் எடுக்கக் கை நீட்டினேன், லாரிக்காரர் தடுத்தார். கருக வேண்டுமாம். எடுத்துக் கட்டாகக் கட்டி, செய்தித்தாளில் இறுகச் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்தார்கள், தன் ஆவியில் தானே பதமாகட்டும் என்று. (செய்தித்தாளுக்கு இப்படி ஒரு பிரயோஜனம் இருப்பது தங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.) பிறகு கூரை ஓட்டில் வைத்துப் பரிமாறினார்கள். ஒரு கையால் பச்சைத் தாளைப் பிடித்து, மறு கையால் அடியைப் பிடித்து இழுத்தால் கரி உறை அப்படியே கழன்று வருகிறது. உள்ளே பனங்குருத்து நிறத்தில் ஆவி பறக்கும் தண்டு. துவையலில் முக்கி, தலையை அண்ணாந்து, மேலிருந்து வாய்க்குள் இறக்க வேண்டும். சட்டை பாழாகும் என்று கழுத்தில் துணி கட்டிவிடுகிறார்கள். விரலெல்லாம் கரி, நாடியெல்லாம் துவையல். பத்துக்கு மேல் எண்ணவில்லை. அதற்குப் பிறகும் கங்கில் சுட்ட ஆட்டுக்கறியும் பன்றிக்கறித் தொத்திறைச்சியும் வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதுதான் வருத்தம்.

திராட்சை ரசத்தை 'பொர்ரோ' என்ற கண்ணாடிக் கூஜாவில் சுற்றுக்கு விட்டார்கள். அதற்குக் கூரான மூக்கு உண்டு. உதடு படக் கூடாது, அண்ணாந்து ஊற்றிக் குடிக்க வேண்டும். புதிதாக வருகிறவன் சட்டையில் சிந்துவான், எல்லாரும் சிரிப்பார்கள், அது அங்கே வழக்கம். கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்துக் காத்திருந்தது. உதட்டில் செம்பு பட்டால் முதுகில் அறை விழுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அவர்கள் ஏமாந்த முகத்தை இப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது.

நான் கத்தோலிக்கன் என்று தெரிந்ததும் அந்த அம்மாள் தவக்காலச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார். கடலோரத்தில் இருந்துகொண்டே அவர்களும் கருவாடு தின்கிறார்கள்: வட அட்லாண்டிக் கடலில் பிடித்து உப்பிட்ட காட் மீன். தண்ணீரை மாற்றி மாற்றி ஒரு நாளுக்கு மேல் ஊறவைத்து, சமைக்காமலேயே கையால் பிய்த்து, வெங்காயம், தக்காளி, ஒலிவக் காய், எண்ணெய் சேர்த்துப் பிசைந்து தின்னும் வகை ஒன்று உண்டு. எனக்காக அதைச் செய்து வைத்தார். மரியாதைக்காக இரண்டு வாய் தின்றேன். கருவாட்டைச் சுட வேண்டும், இல்லை குழம்பில் போட வேண்டும். இதில் என்னை யாரும் மாற்ற முடியாது. அனைத்துப் புனிதர் திருநாளுக்கு அவர்கள் பாதாமும் சர்க்கரையும் பிசைந்து உருட்டி, பைன் மரக் கொட்டை பதித்துச் சுடும் பலகாரத்தைப் பற்றியும் சொன்னார். பதிலுக்கு நான் முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் அடித்துச் செய்யும் தூத்துக்குடி மக்ரூனைப் பற்றிச் சைகையாலேயே சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

தங்கள் இணைப்பில் பெட்டிச் செய்தியாக வந்த 'தக்காளி சாஸ் தடவிய ரொட்டி'யும் தவறுதான். அந்த ஊரில் தக்காளியைக் கொத்தோடு கோத்து உத்தரத்தில் தொங்கவிடுகிறார்கள். தோல் தடித்த ஒரு வகை அது. குளிர்காலம் முழுவதும் கெடாமல் இருக்கும். அதில் ஒன்றைப் பறித்துக் குறுக்கே வெட்டி, சுட்ட ரொட்டியின் மேல் அழுத்தித் தேய்ப்பார்கள். சாறும் விதையும் ரொட்டியில் இறங்கிவிடும். மேலே உப்பு, நூல்போல ஒலிவ எண்ணெய். அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்ளும் சமையல் இதுவாகத்தான் இருக்கும். இதற்குச் சாஸ் பாட்டிலைத் திறப்பானேன்?

நம் வீட்டில் இந்தக் கோழியைச் செய்ய முடியுமா என்று வாசகர்கள் கேட்கலாம். நான் செய்து பார்த்திருக்கிறேன். ஹேசல்நட் கிடைக்காவிட்டால் பாதாம் மட்டும் போதும். வறுத்த நிலக்கடலையைக் கொஞ்சம் கலந்தாலும் மோசமில்லை. முந்திரி வேண்டாம், குருமா ஆகிவிடும். ஒலிவ எண்ணெய் விலை கட்டாதவர்கள் கடலை எண்ணெய் ஊற்றலாம். நல்லெண்ணெயில் ஒருமுறை செய்தேன், எள் வாசம் ஒன்றுதான் மிஞ்சியது. பேக்கரி ரொட்டி நம் பக்கத்தில் இனிப்பாக இருப்பதால், ஒரு நாள் வெயிலில் காயவைத்துப் பொரிக்க வேண்டும். குங்குமப்பூ இல்லையென்றால் விட்டுவிடலாம், மஞ்சள் பொடியைப் போட்டு ஈடுகட்ட வேண்டாம். கொத்தமல்லித்தழையும் கூடவே கூடாது. இடிப்பதற்கு வீட்டில் இஞ்சி தட்டும் சிறிய உரல் போதும். மிக்ஸியில் போட்டால் மாவாகிப் போகும், கொஞ்சம் நறநறவென்று இருக்க வேண்டும்.

இதையெல்லாம் மருமகளிடம் சொல்லாமல் இல்லை. "மாமா, நீங்கள் சொல்வது இருக்கட்டும், பேப்பரில் போட்டிருக்கிறதே" என்கிறாள். அந்தத் துணுக்கு இன்னும் அலமாரிக் கதவில்தான் இருக்கிறது. அடுத்த ஞாயிறு இணைப்பில் தாங்கள் ஒரு திருத்தம் போட்டால் அதன்மேல் ஒட்டிவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். துணுக்கின் அளவு கொஞ்சம் பெரிது. திருத்தமும் அதை மறைக்கிற அளவுக்கு இருந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரன்,
உவரி, திருநெல்வேலி மாவட்டம்