தொடர்மாடி முகாமைத்துவக் குழுக்களுக்கு: ஜெனரேட்டரை மறியுங்கள், பற்றரியை உள்ளே விடுங்கள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கத்துத் தொடர்மாடிகளை நிர்வகிக்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

நான் கார் கழுவிப் பொலிஷ் போடுகிறவன். கடை கிடையாது. ஒரு பழைய சுசுகி எவ்ரி வானில் தண்ணீர்த் தாங்கி, பிரஷர் வாஷர், வாக்குவம், பொலிஷர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு உங்கள் தரிப்பிடத்துக்கே வருவேன். காலி வீதிக்குக் கடல் பக்கமாக நிற்கும் கார்களின் கண்ணாடியில் உப்பு படிந்திருக்கும், விரலால் இழுத்தால் கோடு விழும். இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருக்கிற காரைத்தான் ஆட்கள் பிள்ளையைப் போலப் பார்த்தார்கள். என் பிழைப்பு ஓடியதும் அதனால்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வழமையாகப் போகும் ஒரு தொடர்மாடியில் போன மாதம் வாசலிலேயே மறித்துவிட்டார்கள். வெளியாட்களின் மின்கருவி எதுவும் உள்ளே வரக்கூடாதாம். விசாரித்தால், வேறொருவர் கீழ்த்தளத் தரிப்பிடத்தில் பெற்றோல் ஜெனரேட்டரை ஓட்டியிருக்கிறார்.

அதில் உங்களுக்கு வந்த கோபம் நியாயமானது. சத்தத்தையாவது பொறுக்கலாம், புகையைப் பொறுக்க முடியாது. அதில் இருக்கும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றோட்டமில்லாத இடத்தில் தலை சுற்றத் தொடங்கும்போது எழுந்து வெளியே போகத் தெம்பு இருக்காது. அந்தத் தடையை எடுக்கவே எடுக்காதீர்கள். 2022இல் நானும் ஒரு ஜெனரேட்டர் வைத்திருந்தேன் (திறந்த வெளியில் மட்டும்தான் ஓட்டினேன்). மார்ச் கடைசியில் கரண்ட் 13 மணித்தியாலம் நின்றபோது அதுதான் சோறு போட்டது. அப்புறம் எரிபொருளுக்குக் கியூஆர் கோட்டா வந்தது, வாரத்துக்கு இவ்வளவுதான் என்று. வானுக்குக் கிடைத்த பெற்றோலை உறிஞ்சி ஜெனரேட்டருக்கு ஊற்றினால் வீட்டுக்குத் திரும்பிப் போக மிஞ்சாது. விற்றுவிட்டேன்.

இப்போது வானுக்குள் இருப்பது பற்றரி. ஆரம்பத்தில் 12 வோல்ட்டில் ஒன்றே ஒன்றுதான் வைத்திருந்தேன். 1500 வாட்ஸ் வாஷரைப் போட்டால் பற்றரி வயரில் 130 அம்பியருக்கு மேல் ஓடும். விரல் மொத்த வயர் போட்டும் முனையில் கை வைக்க முடியாத சூடு. 100 அம்பியர் மணி பற்றரி இரண்டைத் தொடராகக் கோத்து 24 வோல்ட் ஆக்கினேன். அம்பியர் பாதியாக இறங்கியது, சூடும் அடங்கியது. அப்போதும் சில நாட்களில் வாஷரைப் போட்டதும், பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேர்ட்டர் ‘கீ’ என்று கத்திவிட்டு நின்றுவிடும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு வயதான வயர்காரர்தான் சிரித்துக்கொண்டே சொல்லித் தந்தார்: “தம்பி, கன்னை அமத்திப் பிடிச்சுக்கொண்டு ஸ்விட்சைப் போடும்.” பம்புக்குள் அழுத்தம் நிற்கும்போது மோட்டார் எழும்பப் பார்த்தால் சாதாரணமாக இழுப்பதைப்போல் பல மடங்கு இழுக்குமாம். தண்ணீர் பீச்சும் கன்னை அமத்தி வழி திறந்துவிட்டால் இலேசாக எழும்பிவிடும். அன்றோடு அந்தச் சத்தம் நின்றது.

லிதியம் பற்றரி என்றதும் தீப்பிடித்த ஸ்கூட்டர் வீடியோவை அனுப்புகிறீர்கள். என்னுடையது லிதியம் இரும்பு பொஸ்பேற்று வகை. எரியவே எரியாது என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் லிதியம் வகைகளுக்குள் எளிதில் கொதித்தெழாதவற்றில் இது ஒன்று. பற்றரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கிறது. உங்கள் இடத்தில் நான் சார்ஜ் பண்ணுவதும் இல்லை, இரவில் வீட்டில்தான். அதுவும் போதாதென்றால் உங்கள் கீழ்த்தளத்தையே ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அங்கே நிற்கும் பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒவ்வொன்றிலும் 24 யூனிட் பற்றரி இருக்கிறது. என்னுடையது இரண்டரை யூனிட். லீஃபுக்குக் கதவைத் திறந்துவிட்டு என் வானை மறிப்பது எந்தக் கணக்கு?

கணக்கு என்றதும் இன்னொன்று. வாஷர் உண்மையில் ஓடுவது ஒரு காருக்குப் பத்து நிமிடம், வாக்குவம் கால் மணித்தியாலம். இரண்டும் சேர்த்து அரை யூனிட். கழுவி உறிஞ்சும் வேலையென்றால் நாலு கார் வரை பற்றரி தாங்கும். கீறலைத் தேய்த்தெடுத்துப் பளபளப்பாக்கும் கட் அன்ட் பொலிஷ் வேறு கதை. பொலிஷர் மூன்று மணித்தியாலம் சுற்றினால் ஒன்றரை யூனிட்டை அதுவே தின்றுவிடும். அதற்குத்தான் உங்களிடம் ஒரு பிளக் பொயின்ட் கேட்கிறேன். விருந்தினர் தரிப்பிடத்துச் சுவரில் 13 அம்பியரில் ஒன்று, அதற்கென கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியம்பியர் ட்ரிப் ஸ்விட்ச், ஒரு சின்ன மீட்டர். ஈரத் தரையில் நிற்கிற எனக்கு அந்த ட்ரிப் ஸ்விட்ச்தான் உயிர். மீட்டரைப் பார்த்துக் காசை வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது சில இடங்களில் நடப்பது இதைவிட மோசம். செக்யூரிட்டி அண்ணன் பரிதாபப்பட்டுத் தன் அறை பிளக்கைத் தருவார், அங்கிருந்து 30 மீற்றருக்கு வயர் இழுப்போம். நானே ஒருமுறை ரீலை முழுதும் அவிழ்க்காமல் வாஷரையும் வாக்குவத்தையும் சேர்த்து ஓட்டினேன். சுற்றிக் கிடந்த வயர் உள்ளே வெந்து பிளாஸ்டிக் மணக்கத் தொடங்கிய பிறகுதான் ஓடிப்போய்க் கழற்றினேன். பிழை என்னுடையதுதான். ரீலின் ஒரு பக்கம் உருகிப்போனது, இன்னும் வானில் கிடக்கிறது.

ஆயுத பூசைக்கு முதல் வாரம் உங்கள் மாடிகளிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளுக்குக் கணக்கில்லை. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரம் தாருங்கள். வானோடு வருகிறேன். பற்றரிப் பெட்டியையும் ஃபியூஸையும் அந்த உருகிய ரீலையும் சேர்த்தே காட்டுகிறேன். பார்த்துவிட்டு அறிவித்தலை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
வாசலில் மறிக்கப்பட்ட வான்காரன்