நீ எடுக்காத அழைப்புகள்

அன்புள்ள மகளுக்கு,

போன தடவை நீ வந்திருந்தபோது உன் போன் அடித்தது. திரையில் உன் நெருங்கிய தோழியின் பெயர். மணி அடித்து ஓயும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாய். தோள்கள் இறுகியிருந்தன. ஓய்ந்ததும் மூச்சு விட்டாய். உடனே "என்னடி, சொல்லு" என்று சிரித்தபடியே மெசேஜ் தட்டினாய்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதுவரை, நீ என் அழைப்பை எடுக்காதபோதும், எடுத்து "ம்", "சரிம்மா" என்று முடித்தபோதும், பிள்ளை விலகிப் போகிறாள் என்றே மனசு அடித்துக்கொண்டது.

அப்புறம் தேடிப் படித்தேன். பேச்சில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க சராசரியாக 200 மில்லிவிநாடிதான் இடைவெளியாம். 10 மொழிகளை ஒப்பிட்டு 2009-ல் வந்த ஆய்வு சொல்கிறது. ஒரு சொல்லைத் தேடி வாய்க்குக் கொண்டுவரவே அதைப்போல் மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். அதனால் மற்றவர் பேசும்போதே நாம் பதிலைத் தயார் செய்தாக வேண்டும். நேரில் என்றால் கண்ணும் கையும் கைகொடுக்கும். போனில் குரல் மட்டும்தான், அதுவும் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். நாம் இருவரும் ஒன்றாகத் தொடங்கி, ஒன்றாக நிறுத்தி, "நீ சொல்லு", "இல்லம்மா, நீ சொல்லு" என்று திண்டாடுவோமே, அது அதனால்தான். சின்ன வயசிலிருந்தே நின்று யோசித்துப் பேசுகிறவள் நீ. உனக்கு இது எவ்வளவு பாரமாக இருந்திருக்கும்!

என் "அப்புறம்? வேறென்ன?" பற்றியும் சொல்ல வேண்டும். சேதிக்காக இல்லாமல் உறவுக்காகவே பேசும் பேச்சைப் பற்றி மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1923-லேயே எழுதியிருக்கிறார். நான் பேசுவது அந்த வகை. அதில் கேள்வியே கிடையாது, கண்ணு. உன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார ஆசை, அவ்வளவுதான். நீயோ அதை நிஜக் கேள்வி என்று எடுத்துக்கொண்டு, சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடித் தவித்திருக்கிறாய். இனி தேடாதே.

இனிமேல் கூப்பிடுவதற்கு முன் மெசேஜ் போடுகிறேன். அவசரம் என்றால் மட்டும் அடுத்தடுத்து இரண்டு முறை அடிப்பேன், அப்போது எடுத்துவிடு.

நேற்று நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி யோசிக்கிறாய். பின்னால் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்கிறது. அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை கேட்டேன்.

அம்மா