தோல் சோதனைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட மக்களுக்கு வணக்கம்.

தொழுநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் சாப்பிட்டு முடித்தவர்களும் கையை நீட்டியதால்தான், உடம்பு நோய்க்கிருமியை எவ்வளவு எதிர்க்கிறது என்று பார்க்கும் இந்தத் தோல் சோதனை நடந்தது. முதல் நன்றி அவர்களுக்கே.

அடுத்து தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரெசர். ஒரு முன்கையில் டியூபர்குலின் (காசநோய்க் கிருமியின் புரதம்), மறு முன்கையில் லெப்ரோமின் (கொன்ற தொழுநோய்க் கிருமி), இரண்டும் 0.1 மில்லி, தோலுக்குள்ளேயே இறங்க வேண்டும். சரியாக இறங்கினால் 6 முதல் 10 மில்லிமீட்டருக்கு வெளுத்த தடிப்பு உடனே எழும். எழவில்லையா, மருந்து ஆழத்துக்குப் போய்விட்டது, அந்த ஊசி கணக்கில் சேராது. லெப்ரோமினில் கிருமி அடியில் தங்கும் என்று ஒவ்வொரு முறையும் புட்டியைக் குலுக்கினார். டியூபர்குலின் ஊசிக்குழாயின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் முன்கூட்டியே நிரப்பி வைக்கவில்லை. இந்தக் கவனம் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

ஊசி போடுவதைவிட, போட்டவர்களைத் திரும்ப வரவைப்பதுதான் பெரும்பாடு. டியூபர்குலினை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அளக்க வேண்டும். லெப்ரோமினுக்கு இரண்டு தடவை: 48 மணியில் ஃபெர்னாண்டஸ் அளவு, 21 முதல் 28 நாளுக்குள் மிட்சுடா அளவு. ஜப்பானிய மருத்துவர் மிட்சுடா இதை எழுதியது 1919இல். இன்றும் அந்த மூன்று வாரத்தைக் குறைக்க வழியில்லை. திங்களன்று ஊசி போடச் சொல்லி, புதன், வியாழன் பெரட்டிலேயே (காலை ஆள்கணக்கு எடுக்கும்போதே) பெயர் கூப்பிட்டு நினைவூட்டிய கிராணிக்கும் (தோட்டத்து எழுத்தர்) மண்டோர்களுக்கும் (மேற்பார்வையாளர்கள்) நன்றி.

கோயில் நிர்வாகம் மண்டபத்தின் ஜன்னல் பக்கத்தை ஒதுக்கித் தந்தது. சாய்ந்த வெளிச்சம் விழுந்தால்தான் தடிப்பின் ஓரம் தெரியும். அளப்பது சிவப்பை அல்ல, கெட்டியான தடிப்பை. மாநிறத் தோலில் சிவப்பு ஏமாற்றும். பால்பேனாவை வெளியிலிருந்து உள்ளே இழுத்து, தடுக்கும் இடத்தில் நிறுத்தி, கையின் குறுக்கே அளந்தோம்.

பிறந்தபோது போட்ட பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பைக் காட்டியவர்களுக்கும், மாத்திரை அட்டைகளை மறக்காமல் எடுத்து வந்த வீட்டுப் பெண்களுக்கும் தனி நன்றி. பிசிஜி முடிவை ஏற்றிக் காட்டும், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை அமுக்கிவிடும்.

கை வீங்கியதைப் பார்த்து "நோய் ஏறுது" என்று கிளம்பிய பேச்சைத் தோட்டத்து லயத்து வீடுகளிலேயே அடக்கியவர்களை மறக்க முடியாது. லெப்ரோமினில் இருப்பது சூடாக்கிக் கொன்ற கிருமி, நோயைத் தராது. நல்ல உடம்புள்ளவருக்கும் தடிக்கலாம், அதனால் நோய் உண்டா இல்லையா என்பதை இது சொல்லாது. நோயாளியின் உடம்பு கிருமியை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைத்தான் சொல்லும். எதிர்ப்பு வலுவாக இருக்கும் டியூபர்குலாய்டு வகையில் தடிக்கும், எதிர்ப்பு இல்லாத லெப்ரோமட்டஸ் வகையில் தடிக்காது. லெப்ரோமட்டஸ் வகையினரிலும் சிலருக்கு டியூபர்குலின் போட்ட கை மட்டும் தடிப்பதுண்டு: எதிர்ப்பு அடியோடு போய்விடவில்லை, தொழுநோய்க் கிருமி ஒன்றிடம்தான் வாய்மூடி இருக்கிறது.

மிட்சுடா முடிச்சு சிலருக்குப் புண்ணாகும். தைலமோ மஞ்சளோ வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, டிரெசரிடம் காட்டுங்கள்.